அட்டைக்குள் இன்னோர் அட்டை
வாசகர் கேள்வி – பதில்

வாளும் மந்திரமுமான வீரசாகச மிகைபுனைவைப் பகடி செய்யும், வரலாறு வேறு பாதையில் போனதாகக் கற்பனை செய்யும் மாற்று வரலாற்று நாவல்களைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் பலவும் ஒரே புத்தகத்தைச் சுற்றியே வந்திருக்கின்றன. அதனால் இந்த முறை பதில்களும் பெரும்பாலும் அதைப் பற்றித்தான்.

‘ஸ்வஸ்திகாவின் தலைவன், அடால்ஃப் ஹிட்லர் எழுதிய அறிவியல் புனைகதை’ என்ற பொருளில் ஆங்கிலத்தில் அச்சிட்ட ஒரு முகப்புப் பக்கத்தைப் பார்த்தேன். ஹிட்லர் நாவல் எழுதியிருக்கிறாரா?
— ஒரு வாசகர், சேலம்

இல்லை. நீங்கள் பார்த்தது அமெரிக்க எழுத்தாளர் நார்மன் ஸ்பின்ராட் 1972-இல் வெளியிட்ட ‘தி அயர்ன் டிரீம்’ நாவலின் உள்பக்கம். வெளி அட்டையில் ஸ்பின்ராட்டின் பெயர் இருக்கும். திறந்தால் வேறொரு புத்தகத்தின் முகப்பு வரும்: ‘லார்ட் ஆஃப் தி ஸ்வஸ்திகா’, ஆசிரியர் அடால்ஃப் ஹிட்லர். அந்த உள்புத்தகத்துக்கென்று ஓர் ஆசிரியர் குறிப்பு, ‘இவரது பிற நூல்கள்’ என்று ஒரு பட்டியல், கடைசியில் ஒரு பேராசிரியரின் பின்னுரை எல்லாம் உண்டு. அத்தனையும் ஸ்பின்ராட்டின் கைவேலை.

வரலாறு எங்கே மாறியது என்பதை அந்தச் சிறிய ஆசிரியர் குறிப்பு சொல்லிவிடுகிறது. ஹிட்லர் 1889-இல் ஆஸ்திரியாவில் பிறக்கிறார். முதல் உலகப் போரில் ஜெர்மன் படையில் இருக்கிறார். போர் முடிந்ததும் மியூனிக்கில் கொஞ்ச நாள் தீவிர அரசியலில் ஈடுபடுகிறார். இதுவரை நமக்குத் தெரிந்த கதைதான். 1919-இல் அவர் நியூயார்க்குக்குக் குடிபெயர்ந்துவிட்டார் என்ற வரியில் பாதை பிரிகிறது. கிரீனிச் வில்லேஜ் பகுதியில் நடைபாதை ஓவியராகக் காலம் தள்ளுகிறார். 1930-இல் ‘அமேசிங்’ என்ற அறிவியல் புனைகதைப் பத்திரிகையில் படம் வரைகிறார். ஆங்கிலம் கைவந்த பிறகு, 1935-இல் கதை எழுதத் தொடங்குகிறார். ரசிகர்களுக்காக ஒரு பத்திரிகை நடத்துகிறார், மாநாடுகளில் எல்லோருக்கும் பிடித்தவராக வலம் வருகிறார். 1953-இல் இறந்துபோகிறார். கடைசி நாவலுக்கு, இறந்த பிறகு, அறிவியல் புனைகதைக்கான ஹ்யூகோ விருது கிடைக்கிறது.

அந்த விருதைப் படித்ததும் கடந்துபோய்விடாதீர்கள். ஹ்யூகோ விருது உண்மையிலேயே முதன்முதலில் 1953-இல் வழங்கப்பட்டது. அதற்குப் பெயர் தந்த ஹ்யூகோ கெர்ன்ஸ்பேக், லக்சம்பர்க்கில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்து 1904-இல் அமெரிக்காவில் குடியேறியவர். ‘அமேசிங்’ பத்திரிகையை 1926-இல் தொடங்கியவரும் அவரே. ஒரு யூதக் குடியேறி தொடங்கிய பத்திரிகையில் பிழைத்து, அவர் பெயரிலேயே விருதும் வாங்குகிறார் இந்த ஹிட்லர். இதைப் புத்தகம் எங்கும் விளக்குவதில்லை. நூல் பட்டியலிலும் இப்படியே: ‘தி மாஸ்டர் ரேஸ்’, ‘தி தவுசண்ட் இயர் ரூல்’, ‘தி ட்ரையம்ஃப் ஆஃப் தி வில்’. முதல் இரண்டும் நாஜிகளின் கோஷங்களிலிருந்து வந்தவை. மூன்றாவது, 1935-இல் வெளிவந்த அவர்களுடைய பிரசாரப் படத்தின் பெயர். நம் உலகத்தில் கோடிக்கணக்கான உயிர்களைக் குடித்த சொற்கள், அந்த உலகத்தில் மலிவுப் பதிப்பு நாவல்களின் தலைப்புகளாக நிற்கின்றன.

வாங்கி 60 பக்கம் படித்தேன். மட்டமான அடிதடிக் கதையாக இருக்கிறது. இதற்கா இவ்வளவு பெயர்? எப்படித்தான் படிப்பது?
— ஒரு வாசகி, திருநெல்வேலி

முதலில் ஒன்றைப் பாருங்கள். மின்னூலாகப் படித்தீர்களா? பல கருவிகள் புத்தகத்தை நேரே முதல் அத்தியாயத்தில்தான் திறக்கும். முகப்பும் ஆசிரியர் குறிப்பும் அதற்கு முன்னால் கிடக்கும். அவற்றைப் படிக்காமல் நுழைந்தவருக்கு இது வெறும் மட்டமான கதைதான். பின்னோக்கித் தள்ளி, ஆசிரியர் குறிப்பை இரண்டு முறை படித்துவிட்டு மறுபடி தொடங்குங்கள். பின்னுரையை மட்டும் இப்போதைக்குத் தொடாதீர்கள்.

கதையின் தொடக்கத்தை மெதுவாகப் படிக்க வேண்டும். அணுப்போரில் உலகம் அழிந்து பல தலைமுறைகள் ஆகிவிட்டன. கதிர்வீச்சால் உருத்திரிந்த பிறவிகளே எங்கும். ஹெல்டன் என்ற ஒரு நாட்டில் மட்டும் ‘தூய மனிதர்கள்’ மிஞ்சியிருக்கிறார்கள். நீராவியில் ஓடும் ஒரு பேருந்து, மூன்று மணி நேரம் தாமதமாக, அழுக்குப் பிடித்த ஒரு நிலையத்தில் வந்து நிற்கிறது. நாயகன் ஃபெரிக் ஜாகர் இறங்குகிறான். உயரமானவன், பொன்னிற முடி. சுற்றிலும் கிளிமூஞ்சிகள், பல்லி மனிதர்கள், தவளை மனிதர்கள். அவர்கள் நடுவே அருவருப்போடு நடந்து, பாலம் தாண்டி ஹெல்டனின் எல்லைக் கோட்டைக்கு வருகிறான். அங்கே இரத்தத் தூய்மைச் சான்றிதழ் தருகிறார்கள். சோதனை ஏனோதானோவென்று நடக்கிறது. அதிகாரிகளின் மனத்தை, வசியம் செய்யும் பிறவியான ஒரு ‘டாமினேட்டர்’ கட்டிப்போட்டிருப்பதை நாயகன் உணர்ந்துவிடுகிறான். அவனுக்கு ஆத்திரம் பொங்குகிறது.

அந்த இடத்தில் படிக்கிறவருக்கும் கொஞ்சம் பொங்கும். ‘இவ்வளவு அலட்சியமா, எவனாவது தட்டிக் கேட்க மாட்டானா’ என்று தோன்றும். அலட்சியமான அலுவலகம், தன்மானமுள்ள இளைஞன், மறைந்திருக்கும் சதிகாரன் என்று வைத்தால் எந்தக் கதையிலும் நம் மனம் சாயும் திசை ஒன்றே. அந்த இளைஞன் கேட்பதெல்லாம் இனத் தூய்மைச் சோதனையை இன்னும் கடுமையாக்கு என்பதைத்தான். அவன் பக்கம் நீங்கள் எத்தனை வரி நின்றீர்கள் என்பதைக் கண்டுகொள்வதற்காகவே இந்த நாவல் எழுதப்பட்டிருக்கிறது.

அங்கிருந்து பென்சிலோடு படியுங்கள். பூட்ஸ், தோல் உடை, எஃகு, சீருடை, கைதூக்கி வணக்கம் ஆகியவை வரும் இடங்களில் ஒரு கோடு. எதிரியை நாற்றம், புழு, சேறு என்று சொல்லும் இடங்களில் ஒரு வட்டம். 20 பக்கம் செய்தால் போதும். பிறகு உங்களுக்கு உயிரான ஒரு வீரசாகச மிகைபுனைவை எடுத்து, ஏதாவதொரு போர்க் காட்சியில் 20 பக்கம் அதே மாதிரி குறியுங்கள். பிறவியிலேயே தீயவர்களான எதிரிப் படை, பெயரில்லாமல் செத்து விழும் ஆயிரங்கள், உரியவன் கைக்கு மட்டுமே அடங்கும் ஆயுதம் என்று எவ்வளவு ஒன்றாக இருக்கிறது என்று பாருங்கள். ஆயுதம் இங்கே ஒரு தடி. ‘மாபெரும் கதாயுதம்’ என்று சொல்லலாம். பலசாலிகள் மூச்சைப் பிடித்து இழுத்தாலும் அசையாது. ஃபெரிக் நாணலைப் போலத் தூக்கிவிடுகிறான், ஏனென்றால் அவன் உடம்பில் ஓடுவது அரச இரத்தம். ஆர்தர் மன்னன் கல்லிலிருந்து வாளை உருவிய கதைதான் இது, ஓர் இம்மியும் மாறவில்லை.

நடுப்பகுதி இழுக்கும். வேகமாகப் போகலாம். கடைசி இரண்டு அத்தியாயங்களுக்கு வந்ததும் மீண்டும் நிதானம் தேவை. அதை முடித்த கையோடு, மறுநாளுக்குத் தள்ளாமல், பின்னுரையைப் படியுங்கள்.

கதாபாத்திரங்களுக்கு நிஜ வரலாற்றில் யார் யார் பொருந்துகிறார்கள்?
— ஒரு கல்லூரி மாணவர், தஞ்சாவூர்

ஹெல்டன் ஜெர்மனி. கிழக்கே இருக்கும் ஜிண்ட் சோவியத் ரஷ்யா. நாயகனின் கூட்டாளிகள் ஹிட்லரின் கூட்டாளிகளே: செஃப் போகல் – கோயபல்ஸ், லார் வாஃபிங் – கோரிங், போர்ஸ் ரெம்லர் – ஹிம்லர், லுடால்ஃப் பெஸ்ட் – ஹெஸ். மோட்டார் சைக்கிள் கும்பலின் தலைவன் ஸ்டாக் ஸ்டோபா – நாஜிகளின் அடியாள் படைத் தலைவர் எர்ன்ஸ்ட் ரோம். 1934 ஜூன் 30 அன்று தொடங்கி ரோமையும் அவர் ஆட்களையும் ஹிட்லர் கொன்று தீர்த்தார். நாவலிலும் ஸ்டோபாவின் கூட்டம் களையெடுக்கப்படுகிறது.

ஆனால் இந்தப் பொருத்தம் பார்க்கும் வேலையில் ஒரு பெரிய தவறு நடக்கக்கூடும். டாமினேட்டர்கள் என்றால் யூதர்கள் என்று எழுதிக்கொண்டு மேலே போய்விடுவோம். அது சரியல்ல. உண்மையான யூதர்களுக்கும் டாமினேட்டர்களுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. யூதர்களைப் பற்றி நாஜிகள் பரப்பிய அவதூறு மட்டுமே அங்கே உருவெடுத்து நடமாடுகிறது. நிஜத்தில் பொய்யாக இருந்தது கதைக்குள் மெய்யாகிவிடுகிறது: டாமினேட்டர்கள் உண்மையிலேயே மனத்தை வசியம் செய்கிறார்கள், உண்மையிலேயே சதி செய்கிறார்கள். அதனால் நாயகன் செய்யும் ஒவ்வொரு கொலையும் கதைக்குள் நியாயமாகிறது. எதிரியை அரக்கனாகவே படைத்துவிட்டால் அவனைக் கொல்வதில் பாவமில்லை. இந்த ஏற்பாடு இல்லாமல் வீரசாகச மிகைபுனைவால் ஓர் அடி நடக்க முடியாது. ஸ்பின்ராட் அதைத்தான் கைவைத்துக் காட்டுகிறார்.

சிரிப்பே வரவில்லையே. இதை எப்படி அங்கதம் என்கிறீர்கள்?
— ஒரு தமிழாசிரியர், கரூர்

தொல்காப்பியம் அங்கதத்தை இரண்டாகப் பிரிப்பது உங்களுக்குத் தெரிந்ததுதான்: வெளிப்படையாக வைவது செம்பொருள் அங்கதம், பழியை மறைத்து வைப்பது பழிகரப்பு. இந்த நாவல் இரண்டாவது வகை. தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலைப் பார்த்த ஒளவை, மயிற்பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசிக் காவலோடு இருக்கின்றன உன் ஆயுதங்கள், எங்கள் அதியமானின் வேல்களோ நுனி சிதைந்து ‘கொல்துறைக் குற்றில’த்தில், அதாவது கொல்லன் பட்டறையில், கிடக்கின்றன என்றாள் (புறநானூறு 95). கேட்டவர் காதில் அது புகழ்ச்சி. போர்க்களம் பார்க்காத ஆயுதங்கள் என்பது உள்ளே இருக்கிற குத்து. ஸ்பின்ராட்டும் ஃபெரிக்கின் ஆயுதங்களுக்கு நெய் பூசிக்கொண்டே போகிறார். பளபளப்பு கூடக் கூடப் பழியும் கூடுகிறது. சிரிப்பு இதற்குத் தேவையில்லை.

பின்னுரை எழுதிய ஹோமர் விப்பிள் எந்தக் கல்லூரிப் பேராசிரியர்?
— ஒரு வாசகர், பொள்ளாச்சி

அவரும் கற்பனைதான். நியூயார்க் பல்கலைக்கழகம், 1959 என்று கையெழுத்திட்டிருப்பார். உள்நாவலின் இரண்டாம் பதிப்புக்கு அவர் எழுதிய விமர்சனமாகப் பின்னுரை அமைந்திருக்கிறது. ஆறே வாரத்தில் அவசரமாக எழுதப்பட்ட நாவல் என்கிறார். பெண் பாத்திரமே இல்லை என்பதைச் சுட்டிக்காட்டுகிறார். தடி, பூட்ஸ், தோல் உடை மீதான வெறியை மனநோயாக அலசுகிறார். எல்லாம் சரியான கவனிப்புகள். வாசகர் மனத்திலிருந்தவற்றை அவர் ஒழுங்காகச் சொல்லிவிடுவதால் நமக்கு ஒரு நிம்மதி வருகிறது.

அந்த நிம்மதியைத்தான் ஸ்பின்ராட் அடுத்ததாகக் கலைக்கிறார். இப்படிப்பட்ட ஒருவன் சீருடையாலும் ஊர்வலத்தாலும் ஒரு நாட்டையே மயக்கி ஆட்சிக்கு வருவதெல்லாம் கதையில்தான் நடக்கும், நிஜத்தில் நடக்காது என்று முடிக்கிறார் விப்பிள். படித்த, நல்லெண்ணம் உள்ள, கூர்மையான மனிதர். அவர் உலகத்தில் அது நடக்கவில்லை என்பதால் நடக்கவே நடக்காது என்கிறார். இடையிடையே அவர் உலகத்தின் செய்திகளும் சிதறிக் கிடக்கின்றன: ஐரோப்பா சோவியத்தின் பிடியில் இருக்கிறது, பிரிட்டனும் விழுந்துவிட்டது, அங்கேயும் யூதர்கள் லட்சக்கணக்கில் கொல்லப்பட்டிருக்கிறார்கள். அந்த இடங்களுக்கும் பென்சில் கோடு போடுங்கள். ஒரு ஹிட்லரை அகற்றினால் உலகம் நேராகிவிடும் என்ற எண்ணத்துக்கு ஆசிரியர் இடமே தரவில்லை.

இனவெறியர்களுக்கு இது பிடித்துப்போனால் என்ன செய்வது?
— ஒரு வாசகி, கோயம்புத்தூர்

நியாயமான பயம். அமெரிக்க நாஜிக் கட்சி தன் வாசிப்புப் பட்டியலில் இதைச் சேர்த்துக்கொண்டதாக ஸ்பின்ராட்டே பதிவு செய்திருக்கிறார். கதை மகிழ்ச்சியாக முடிவது அவர்களுக்குப் பிடித்திருந்ததாம். ரசிகர் பத்திரிகை ஒன்றில், ‘அருமையான சாகசக் கதை, நடுவில் ஹிட்லரை எதற்கு இழுத்துக் கெடுத்தார்?’ என்ற பொருளில் ஒரு மதிப்புரை வந்ததையும் அவர் சொல்கிறார். எவ்வளவு மந்தமான வாசகருக்கும் புரியட்டும் என்றுதான் பின்னுரையை அவர் சேர்த்தார். அதுவும் எல்லோருக்கும் போதவில்லை.

மேற்கு ஜெர்மனியில், சிறார்க்குத் தீங்கு தரும் நூல்களின் பட்டியலில் 1982-இல் இந்நாவலைச் சேர்த்தார்கள். அங்கே இந்தப் பட்டியல் முழுத் தடை அல்ல. விளம்பரம் செய்யக் கூடாது, கடையில் பார்வைக்கு வைக்கக் கூடாது, வயது வந்தவர் கேட்டால் மட்டும் எடுத்துக் கொடுக்கலாம். ஆனால் வாசகர் கண்ணில் படாத புத்தகம் எத்தனை பிரதி விற்கும்? வழக்கு நடந்து 1987-இல் பட்டியலிலிருந்து நீக்கினார்கள்.

எங்கள் கருத்தில், இந்த ஆபத்து புத்தகத்தின் குறை அல்ல. பழிகரப்பு என்றாலே பழி ஒளிந்திருக்கும், சிலர் கண்ணுக்குத் தெரியாமலே போகும். தெரியாமல் போனவர் யார் என்பதைக் காட்டிக்கொடுக்கும் கருவியாகவும் அது வேலை செய்கிறது. 16 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளிடம் மட்டும் தனியாகக் கொடுத்துவிடாதீர்கள். அவர்களோடு உட்கார்ந்து, ஆசிரியர் குறிப்பிலிருந்து தொடங்கிப் படியுங்கள்.

நீளம் அதிகம் என்று அமெரிக்க அறிவியல் புனைகதை எழுத்தாளர் உர்சுலா லெ குவின் குறை சொன்னதாகக் கேள்விப்பட்டேன். சரியா?
— ஒரு வாசகர், புதுச்சேரி

சரிதான். ‘சயின்ஸ் ஃபிக்‌ஷன் ஸ்டடீஸ்’ இதழில் 1973-இல் எழுதினார். யோசனை அற்புதம், ஆனால் அதைச் சுமக்க 255 பக்கம் மூன்றாந்தர உரைநடை தேவைப்படுகிறதே என்பது அவர் குறை. மூன்றாந்தர எழுத்தாளன் எழுதிய நாவல் மூன்றாந்தரமாகத்தானே இருந்தாக வேண்டும், அந்தப் பொறியிலிருந்து ஆசிரியருக்குத் தப்பிக்க வழியில்லை. பெரிய புத்தகம் எழுதுவதைவிட, அது ஏற்கெனவே இருப்பதாகப் பாவித்து அதன் சுருக்கத்தையோ விமர்சனத்தையோ எழுதுவது மேல் என்று அர்ஜென்டினா எழுத்தாளர் போர்ஹெஸ் 1941-இல் ஒரு முன்னுரையில் சொன்னது இங்கே நினைவுக்கு வரும். அதே மதிப்புரையில் லெ குவின் இன்னொன்றும் சொன்னார்: இந்த நாவல் ஹிட்லரைப் பற்றி யோசிக்க வைப்பதில்லை, நம் வீரம் பற்றிய எண்ணங்களையும், தலைமை தாங்கவும் தலைமைக்குக் கீழ்ப்படியவும் நமக்குள் இருக்கும் ஆசையையும், நம் ‘தர்ம யுத்த’ங்களையும் யோசிக்க வைக்கிறது என்று.

நீளம் பற்றி எங்களுக்கு அவரோடு முழு உடன்பாடு இல்லை. 30 பக்கமாக இருந்தால் யோசனையை ரசித்துவிட்டு மூடிவிடுவோம். 200 பக்கத்துக்கு மேல் இழுக்கும்போதுதான் படிக்கிறவர் களைத்து, காவலைத் தளர்த்தி, கொஞ்ச நேரம் நாயகனோடு சேர்ந்து ஓடுகிறார்.

இதற்கு முன்னோடி உண்டா?
— ஒரு நூலகர், மதுரை

மார்க் ட்வைன் 1889-இல் எழுதிய ‘எ கனெக்டிகட் யாங்கி இன் கிங் ஆர்தர்ஸ் கோர்ட்’. ஆயுதத் தொழிற்சாலையில் மேற்பார்வை வேலை பார்க்கும் ஹாங்க் மார்கன், மண்டையில் அடி வாங்கி, கி.பி. 528-இல் ஆர்தரின் நாட்டில் கண் விழிக்கிறான். சூரிய கிரகணம் வரும் நாள் அவனுக்குத் தெரியும். அதைச் சொல்லிப் பயமுறுத்தி, கம்பத்தில் கட்டி எரிக்கும் தண்டனையிலிருந்து தப்பி அதிகாரத்துக்கு வருகிறான். தொலைபேசி, பள்ளிக்கூடம், செய்தித்தாள் எல்லாம் கொண்டுவருகிறான். மாவீரர்கள் கவசத்துக்கு மேல் சோப்பு விளம்பரப் பலகை மாட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போவது நாவலின் உச்சமான நகைச்சுவை. வீரர் மரபைச் சட்டத்தால் ஒழிக்க முடியாது, கேலிக்கு உள்ளாக்கித்தான் ஒழிக்க முடியும் என்பது ஹாங்க்கின் கணக்கு.

முடிவு வேறு மாதிரி. ஹாங்க்கும் அவன் உதவியாளனும் 52 சிறுவர்களும் ஒரு குகையைச் சுற்றி மின்கம்பி வேலி போட்டு, சரமாரியாகச் சுடும் காட்லிங் துப்பாக்கிகளை நிறுத்தி, எதிர்த்து வந்த வீரர்கள் 25,000 பேரைக் கொன்றுவிடுகிறார்கள். பிணங்கள் சூழ்ந்து, அழுகும் காற்றில் வென்றவர்களே நோயில் விழுகிறார்கள். பழைய வீரத்தைப் பகடி செய்யத் தொடங்கிய கதை, புதிய இயந்திர வீரத்தையும் அதே தராசில் நிறுத்துகிறது. 14 வயதுப் பிள்ளைக்கு இந்த வகையில் முதல் புத்தகம் எது என்று யாராவது கேட்டால் இதையே சொல்வோம், கடைசி அத்தியாயங்களைப் படிக்கும்போது பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும்.

இந்த வகையில் ஒரு சிறுகதை எழுத ஆசை. எங்கே தொடங்குவது? எங்கே சறுக்கும்?
— ஒரு வாசகி, ஈரோடு

8,000 சொல் அளவில் ஒரு குறுநாவலாக வைத்துக்கொள்ளுங்கள்.

பிரியும் புள்ளி ஒன்றே ஒன்று, தேதியோடு. அது சின்னதாக, தனிமனிதர் ஒருவரின் முடிவாக இருக்க வேண்டும்: வேலைக்குச் சேர்ந்தார், கப்பலைத் தவறவிட்டார், ஊர் மாறினார். இரண்டு புள்ளிகள் வைத்தால் எது எதனால் வந்தது என்று வாசகர் குழம்புவார். போரின் முடிவையே மாற்றினால் அதை விளக்கவே பாதிக் கதை போய்விடும். அந்த மனிதர் இறந்துபோனவராக, பொது வரலாற்றில் உள்ளவராக இருக்கட்டும். வாழ்பவர்களைத் தொடாதீர்கள்.

அடுத்து ஆசிரியர் குறிப்பு, 250 சொல். புத்தகத்தின் பின்னட்டையில் வருமே, அந்தத் தொனி. முதல் மூன்று தகவல்கள் நிஜம், நான்காவதில் பிரிவு, அதன் பிறகு அந்தப் பொய் வாழ்க்கையின் மிகச் சாதாரண விவரங்கள். ‘வரலாறு வேறு மாதிரி நடந்திருந்தால்’ என்று ஒரு வார்த்தை வந்தாலும் எல்லாம் கெட்டுப்போகும். அந்த உலகத்தவருக்கு அதுதான் ஒரே வரலாறு, அவர்களுக்கு வியப்பு ஏன்? கூடவே 8 முதல் 10 வரை பிற நூல்களின் பெயர்கள். அவற்றில் மூன்று, நிஜ வரலாற்றின் எதிரொலியாக இருந்தால் போதும். பத்துமே அப்படி இருந்தால் கண்ணடிப்பதாகிவிடும்.

உள்கதைக்கு 5,500 சொல். இதன் எலும்புக்கூட்டை ஸ்பின்ராட்டே பின்னாளில் ‘தி எம்பரர் ஆஃப் எவ்ரிதிங்’ என்ற கட்டுரையில் பிரித்துக் காட்டியிருக்கிறார்: பிறப்பு தெரியாத எளியவன், அவன்தான் மறைந்த வாரிசு, வழிகாட்டி, மந்திர ஆயுதம், தோழர்கள், இருளின் தலைவன், கடைசியில் அரியணை. ஒன்றையும் விடாமல், ஒன்றையும் கிண்டல் செய்யாமல் எழுதுங்கள். பகடி எழுதுகிறவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இதுதான். தனக்கு இது நம்பிக்கை இல்லை என்று காட்டிக்கொள்ள நடுவே ஒரு நகைச்சுவையை நுழைப்பார்கள். அந்த வரியிலேயே வாசகர் பாதுகாப்பான தூரத்துக்குப் போய்விடுவார், பிறகு எந்தப் பொறியிலும் சிக்க மாட்டார்.

உள்ளே எழுதுகிற கற்பனை எழுத்தாளருக்கு ஒரு வெறி வேண்டும், ஒன்று மட்டும். ஹிட்லருக்குப் பூட்ஸும் தடியும் மாதிரி. முதல் தடவை அது ஒரு சொல்லாக வரட்டும். ஐந்தாவது தடவை ஒரு வாக்கியம். பத்தாவது தடவை, போரின் உச்சத்தில், கதையை நிறுத்திவிட்டு ஒரு முழுப் பத்தி. அளவு ஏறாமல் ஒரே மாதிரி திரும்பத் திரும்ப வந்தால் அது உங்கள் கைப்பிழை என்று வாசகர் எடுத்துக்கொள்வார். ஏறிக்கொண்டே போனால் எழுதுகிற அந்த மனிதனின் நோய் என்பது புலப்படும்.

எதிரியை வடிவமைக்கும்போது மிகுந்த கவனம் தேவை. நிஜத்தில் வாழும் ஒரு சமூகத்தின் பெயர், உடை, பேச்சு, உணவு எதையும் அதற்குக் கொடுக்காதீர்கள். அவதூறை மட்டும் எடுத்து உருவம் கொடுங்கள். இது பிசகினால் நீங்கள் எழுதியது அங்கதமாக இருக்காது, அதே அவதூறுக்கு இன்னொரு பதிப்பாகிவிடும்.

பின்னுரைக்கு 1,500 சொல். எழுதுகிறவர் முட்டாளாக இருக்கக் கூடாது. பத்தில் எட்டு அவதானிப்புகள் சரியாக இருக்க வேண்டும். தவறு அவருடைய உலகம் அவருக்கு மறைக்கும் ஓரிடத்தில் மட்டும் நடக்கட்டும். மீதமுள்ள சுமார் 700 சொல்லைக் கையில் வைத்திருங்கள், திருத்தும்போது உள்கதையின் முதல் காட்சிக்கு அவை தேவைப்படும். முதல் காட்சியில் வாசகர் நாயகன் பக்கம் சாயவில்லை என்றால் மற்ற எதுவும் வேலை செய்யாது.

முடித்ததும், ஆசிரியர் குறிப்பையும் பின்னுரையையும் எடுத்துவிட்டு உள்கதையை மட்டும் ஒரு நண்பரிடம் கொடுங்கள். ‘நல்ல சண்டைக் கதை’ என்று அவர் சொன்னால் சரியாக வந்திருக்கிறது. பிறகு முழுவதையும் கொடுத்து, அவர் முகத்தைப் பாருங்கள்.

‘தி அயர்ன் டிரீம்’ நாவலைத் தமிழில் பெயர்க்க முயல்கிறேன். மோசமான நடையை எப்படி மொழிபெயர்ப்பது? ‘ஸ்வஸ்திகா’வை என்ன செய்வது?
— ஒரு மொழிபெயர்ப்பாளர், சென்னை

மோசமான நடையைத் திருத்திவிடுவதுதான் மொழிபெயர்ப்பாளரின் கை தானாகச் செய்யும் வேலை. ஒரே பத்தியில் மூன்று முறை ‘மாபெரும்’ வந்தால் ஒன்றை ‘பிரம்மாண்டமான’ என்று மாற்றத் தோன்றும். மாற்றாதீர்கள். மூன்றும் அப்படியே இருக்கட்டும். வாக்கியத்தைப் பிழையாகவும் எழுதிவிடாதீர்கள். உள்ளே எழுதும் ஹிட்லருக்கு இலக்கணம் தெரியும், நிதானம்தான் தெரியாது. நம் பக்கத்தில் அதற்கு இணையான தொனி மேடைப் புகழுரையில் இருக்கிறது: பெயரடை மேல் பெயரடை, மூச்சு விடாத நீள வாக்கியம், முடிவில் ஒரு முழக்கம். ஆசிரியர் குறிப்பு மட்டும் செய்தித்தாள் தமிழில் இருக்கட்டும், பின்னுரை கல்லூரி ஆய்வேட்டுத் தமிழில். மூன்று நடையும் ஒன்றோடொன்று கலக்காமல் இருக்க, ஒவ்வொன்றையும் தனித்தனி வாரங்களில் செய்வது நல்லது.

ஸ்வஸ்திகாவில் சிக்கல் உண்மையானது. நம் வாசலிலும் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கத்திலும் ஸ்வஸ்திக் மங்கலச் சின்னம். தலைப்பில் ‘ஸ்வஸ்திக்’ என்று போட்டால் தமிழ் வாசகர் மனத்தில் மஞ்சளும் குங்குமமும் வந்துவிடும். நாஜிக் கொடியில் இருந்தது சிவப்புத் துணி, வெள்ளை வட்டம், அதற்குள் 45 பாகை சாய்ந்த கறுப்புச் சின்னம். ஜெர்மனில் அதன் பெயருக்குக் ‘கொக்கிச் சிலுவை’ என்று பொருள். தலைப்பில் ‘ஸ்வஸ்திகா’ என்ற ஆங்கில வழி உச்சரிப்பை வைத்துக்கொள்ளுங்கள், அந்த ‘கா’ நம் சின்னத்திலிருந்து கொஞ்சம் விலக்கிக் காட்டும். கதைக்குள் சின்னம் முதன்முறை வரும் இடத்தில் நிறங்களை மூலத்தில் உள்ளபடி ஒன்றும் குறைக்காமல் கொடுங்கள். ‘கொக்கிச் சிலுவை’யை உள்கதையில் எங்கும் பயன்படுத்தாதீர்கள். அந்தச் சொல்லைப் பார்த்ததும் வாசகர் விழித்துக்கொள்வார், ஹிட்லர் எழுதும் உள்கதையில் அவர் விழிக்கக் கூடாது. அடிக்குறிப்பும் வேண்டாம். சொல்ல வேண்டியதை உங்கள் பெயரில், புத்தகத்தின் கடைசியில், விப்பிளுக்கும் பிறகு, தனியாக ஒரு பக்கத்தில் எழுதுங்கள்.